காற்று மெத்தை இருந்தும் புண் வருமா?

கேள்வி: தாம்பரம் முதியோர் இல்லத்தில் இருக்கும் 82 வயது அம்மாவுக்கு இடுப்பின் கீழே தோல் கருத்திருக்கிறது. காற்று மெத்தைதான் போட்டிருக்கிறார்கள். ஏன் இப்படி?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். இன்றே செவிலியரிடம் காட்டுங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் எச்சரிக்கை. அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே நைந்த திசு இன்னும் கெடும்.

மெத்தை இருந்தாலும் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முழுப் பக்கவாட்டில் வேண்டாம். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. சாப்பிட்டு அரைமணி, ஒருமணி நேரம் கழித்துத் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குள் இறக்கச் சொல்லுங்கள். சரிந்து சரிந்துதான் தோல் உரிகிறது.

மெத்தைமேல் ரப்பர் ஷீட், போர்வை என்று அடுக்கினால் அதன் பலனே போய்விடும். ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். நனைந்த டயப்பரை உடனே மாற்ற வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டவே வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.