சுவரில் கரி: குற்றம் மெழுகிலா, திரியிலா?

கேள்வி: மதுரை கீழவெளி வீதிப் பக்கம் இருக்கிறோம். மாதா சுருபத்துக்கு முன்னால் தினமும் மெழுகுதிரி ஏற்றுவோம். சுடர் பெரிதாகத்தான் எரிகிறது, ஆனால் மேலே சுவரெல்லாம் கரி. கடைக்காரர் விலை கூடின மெழுகு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் கத்தரிக்கோலை எடுங்கள்.

எரிவது திரியும் இல்லை, உருகிய மெழுகும் இல்லை, மெழுகின் ஆவி. தண்ணீரில் பட்ட வேட்டி நுனியில் ஈரம் ஏறுகிற மாதிரி, உருகிய மெழுகு திரி வழியே மேலேறி, சூட்டில் ஆவியாகி எரிகிறது. சந்தேகமா? திரியை ஊதி அணையுங்கள். வெள்ளையாக ஒரு புகை எழும். எரிகிற தீக்குச்சியை, திரியில் படாமல், விரற்கடை உயரத்தில் அந்தப் புகையில் காட்டுங்கள். சுடர் புகை வழியே இறங்கித் திரியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வெள்ளைப் புகை குளிர்ந்த மெழுகாவிதான். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டிய சோதனை இது.

கரி வேறு கதை. ஆவி சூட்டில் உடையும்போது நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகும். அவை தகதகப்பதால்தான் சுடர் மஞ்சளாகத் தெரிகிறது. ஒரு எவர்சில்வர் கரண்டியை அந்த மஞ்சளில் காட்டினால் சட்டென்று கறுத்துவிடும். நல்ல சுடரில் இந்தத் துகள்கள் வெளி ஓரத்தில் காற்றோடு சேர்ந்து எரிந்து தீர்ந்துவிடும். திரி நீளமானால் மெழுகு அதிகமாக ஏறும், காற்று போதாது, மிச்சத் துகள் உங்கள் சுவருக்குப் போகும். சுடர் பெரிது என்கிறீர்களே, அதுதான் கோளாறே.

அகல் விளக்கில் திரியைத் தூண்டிவிட்டுப் பழகிய கை, இங்கேயும் திரி நீண்டால் நல்லது என்று நினைக்கும். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் ஒரு அரிசி மணி நீளம் விட்டு வெட்டுங்கள். நுனியில் மொக்கு மாதிரி கரி கட்டியிருந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள்.

அப்புறம் ஃபேன். சுடர் ஆடினால் துகள் எரியுமுன்னே குளிர்ந்து பறந்துவிடும். மெழுகும் ஒரு பக்கமாகவே வழியும். வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரியும். சுருபத்தை ஃபேன் காற்று படாத மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் புகைந்தால் மெழுகை மாற்றுங்கள். சுவரை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், அப்பிக்கொள்ளும். முதலில் உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள்.