வீடியோ இன்டர்வியூவும் குமரிப் பேச்சும்

அன்புள்ள சார்,

பி.காம் முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு வேலைக்கு அடுத்த வாரம் வீடியோ காலில் இன்டர்வியூ. காலை 11 மணி, மாலை 4 மணி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூரை ஷீட். இந்த ஐப்பசி மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, கரண்டும் போய்விடும். நாகர்கோவிலில் தெரிந்தவர் வீட்டுக்குப் போகலாமா? அப்புறம், நான் பேசினால் ‘கேரளாவா?’ என்று கேட்கிறார்கள். இதை எப்படி மாற்றுவது?

எஸ்., குலசேகரம்

அன்புள்ள எஸ்,

காலை 11 மணி போதும் என்று இன்றைக்கே பதில் அனுப்பிவிடுங்கள். ஐப்பசியில் நம் மலையோரத்தில் இடியும் மழையும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான்.

நாகர்கோவில் வேண்டாம். பஸ்ஸில் அலைந்து களைத்துப்போய் உட்காராதீர்கள். பக்கத்தில் சித்தி, பெரியம்மா யாருக்காவது கான்கிரீட் வீடு இருந்தால் ஒரு அறை கேளுங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் கேமராவில் முகம் கறுத்துவிடும். கரண்ட் போனால் வைஃபையும் போகும், அதனால் போன் ஹாட்ஸ்பாட்டையும் தயாராக வையுங்கள். ஒரு மணி நேர வீடியோ காலுக்கு 1 ஜிபி வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி பேக் என்றால் அன்று காலை வீட்டில் யாரும் அதில் ரீல்ஸ் பார்க்கக் கூடாது. ‘இங்கே மழைக்காலம், லைன் போனால் உடனே திரும்ப வருகிறேன்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பேச்சை மாற்றவே வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் நம்முடையது. மலையாளச் சாயல் இல்லாமல் எப்படி இருக்கும்? இதற்காக நம் பிள்ளைகள் கூசிப்போய் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பெரிய வருத்தம். மலையாளம் பேசத் தெரியுமென்றால் அதையும் தகுதியாகவே சொல்லுங்கள்.

குறைக்க வேண்டியது வேகத்தைத்தான். நாம் படபடவென்று பேசுகிறவர்கள். வீடியோ காலில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், நெட் மந்தமானால் சொல்லின் கடைசி எழுத்துகள் காணாமல் போகும். கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பதிலைத் தொடங்குங்கள்.

பதில்களை மனப்பாடம் செய்யாமல் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேங்க் ரெகன்சிலியேஷன், அதாவது நம் கணக்கு நோட்டையும் பேங்க் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, எதற்கு என்று கேட்பார்கள். ரப்பர் கடைக்காரர் ஒருவர் செக் கொடுத்துவிட்டார், வாங்கியவர் இன்னும் பேங்கில் போடவில்லை. கடை நோட்டில் பணம் குறைந்திருக்கும், பேங்கில் குறைந்திருக்காது. இந்த வித்தியாசத்தை அம்மாவுக்குப் புரிய வைத்துவிட்டால் சென்னைக்காரருக்கும் புரியும். சொல்வதைப் போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். எந்த இடத்தில் சொல்லை விழுங்குகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்தை மட்டும் மறுபடி நிதானமாகச் சொல்லிப் பழகுங்கள்.