கல்லூரித் தாளாளர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கும்போது எதைப் பார்த்து வாக்களிப்பது?

உங்கள் தொகுதியில் போட்டியிடும் கல்லூரித் தாளாளரைச் சுவரொட்டிகள் 'கல்வியாளர்' என்று அறிமுகப்படுத்துவதாகவும், அதை நம்பி வாக்களிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் எட்டு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் அவருடைய பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, வேட்பாளர் ஒவ்வொருவரும் சொத்து, கடன், குற்ற வழக்கு, கல்வித் தகுதி ஆகியவற்றைப் படிவம் 26-இல் அறிவித்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை எவரும் பார்க்கலாம். ஆனால் நம் நாட்டில் கல்லூரி தனிமனிதரின் சொத்தாக இருக்க முடியாது. அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமற்ற நிறுவனம் ஆகியவற்றில் ஒன்றின் பெயரில்தான் அது இயங்கும். ஆகவே ஊரே அவருடையது என்று சொல்லும் கட்டடங்களும் பேருந்துகளும் அந்தப் பத்திரத்தில் இடம்பெறாமல் போகலாம், அதில் பொய்யும் இருக்காது. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு: குடும்பத்தார் பெயரில் உள்ள நிலத்துக்குக் கல்லூரி வாடகை தருகிறதா, அறக்கட்டளைக்கு அவர் கடன் கொடுத்திருக்கிறாரா, கட்டுமானமோ விடுதி உணவோ வழங்கும் நிறுவனத்தில் அவருக்குப் பங்கு உண்டா? கல்வியும் வணிகமும் கைகோக்கும் இடங்கள் இவைதாம்.

நான் பணிபுரிந்த கல்லூரியின் தாளாளருக்கு நெருக்கமான ஒருவர் தேர்தலில் நின்றபோது, பெயர் எழுதிய பக்கங்களில் வெள்ளைத் துணி கட்டிய கல்லூரிப் பேருந்துகளில் எங்களை ஏற்றிச் சென்று வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்க வைத்தார்கள். அந்த வாரம் வகுப்பே நடக்கவில்லை. எங்கள் அசல் சான்றிதழ்கள் அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருந்ததால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. முறைப்படி அந்தப் பேருந்துகளின் வாடகை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்று ஒரு சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய்.

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தேர்தலில் நிற்க விரும்பினால் வேலையைத் துறந்தாக வேண்டும். தாளாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரசுடன் சரக்கு வழங்கவோ பணி செய்யவோ நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தகுதி நீக்கம் செய்கிறது. ஆனால் கட்டணம் வசூலிக்கும் கல்வி நிறுவனத்தை நடத்துபவர், கட்டண ஒழுங்குமுறை மசோதா வரும்போது அவையில் அமர்ந்து வாக்களிப்பதை அது தடுக்கவில்லை. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியதும் இதே பேரவைதான். அதில் திருத்தம் வந்தால் யார் பக்கம் நிற்பீர்கள் என்று அவரிடம் நேரில் கேளுங்கள். என் கணிப்பில், அவருடைய பட்டங்களைவிட இந்த ஒரு பதிலுக்கே மதிப்பு அதிகம்.

இதனால் நிறுவனம் நடத்துபவர் எவரும் அரசியலுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உதவித்தொகை தாமதமானால் முதல் தலைமுறை மாணவர் எந்தப் பருவத்தில் படிப்பை விடுகிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் பேரவைக்குத் தேவை. உங்கள் வேட்பாளர் அப்படிப்பட்டவரா என்பதை, அவருடைய கல்லூரியில் பணிபுரிந்து விலகிய ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். சம்பளம் மாதந்தோறும் வந்ததா, விலகிய அன்றே சான்றிதழ் கைக்குக் கிடைத்ததா என்று.