கப்பல் பட்டியலில் இருக்கும் ஊர் எங்கே?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: போன தை மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு தம்பதி எங்கள் ஊருக்கு வந்தார்கள். அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியவராம். கையில் ஒரு அச்சுத்தாள். அதில் நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, கடைசியாக ஒரு ஊர்ப் பெயர். கிட்டத்தட்ட எங்கள் ஊர்தான். திண்ணையில் இருந்த பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆடியில் மறுபடி வருகிறார்களாம். நான் என்ன செய்து வைக்கட்டும்?
— வாசகர், போளூர் வட்டம்

பதில்: பெரியவர்களுக்கு மறதி என்று நினைக்காதீர்கள். காரில் வந்து இறங்கிய ஒருவர் “எங்க தாத்தா இந்த ஊருங்க” என்றால், கேட்பவர் காதில் “எங்க தாத்தா நிலம் இங்கே இருக்குங்க” என்றுதான் விழும். ஏற்கெனவே பங்காளித் தகராறு இல்லாத வீடு எது? ஆடியில் அவர்கள் வரும் முன்பே ஊரில் நீங்களே சொல்லி வையுங்கள்: “நிலம் நீச்சு கேட்டு வரலை, சாமி கும்பிட வர்றாங்க.” பாதி வாய்கள் அதிலேயே திறந்துவிடும்.

அடுத்து அந்தத் தாள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அந்தப் பட்டியல்கள் டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையத்தில் இருக்கின்றன. உங்கள் விருந்தாளிகளின் தாளும் அந்தப் பட்டியலின் நகலாகத்தான் இருக்க வேண்டும்.

அதை நம்பலாம், ஆனால் அது எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்து நம்ப வேண்டும். போளூர்ப் பக்கத்து ஆள் வாயால் சொன்னதை ஒரு குமாஸ்தா காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும் மேல், கீழ், பெரிய, சின்ன என்பதெல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்துபோகும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் சொந்த ஊரைத்தான் சொன்னான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இன்னொன்று, பழைய போளூர் தாலுகா இன்றைய வட்டத்தைவிடப் பெரியது. கலசபாக்கமும் சேத்துப்பட்டும் இப்போது தனி வட்டங்கள். ஆகவே “எங்கள் ஊர்தான்” என்று முடிவு கட்டாமல், மூன்று வட்டங்களின் கிராமப் பட்டியலையும் வாங்கி, அந்த ஒலிக்குப் பொருந்துகிற ஊர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு கிடைத்தால் ஆச்சரியமில்லை.

வருவாய்த் துறையில் இருந்தவன் என்பதால் என்னிடம் எல்லோரும் முதலில் கேட்பது பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைத்தான். அதில் பட்டாதாரர் பெயர் இருக்கும். பட்டா இருந்தவன் எதற்காக ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கரும்பு வெட்டப் போகிறான்? போனவர்களில் பெரும்பாலோர் பண்ணையாள், குத்தகை, கூலி. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு ஒரு காணி அரைக்காணி வைத்திருந்தவர்களும் இழந்தார்கள் என்பது உண்மை, அதற்காக வேண்டுமானால் ஒருமுறை பாருங்கள். பிறப்புப் பதிவும் உதவாது. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டமே 1899இல்தான் வந்தது. கர்ணம், அதாவது அந்தக் காலக் கிராமக் கணக்கர், வீட்டுக் காகிதங்கள் என்று ஒன்று உண்டு. கர்ணம் பதவி 1980இல் ஒழிந்ததும் பல வீடுகளில் அவை பரணுக்குப் போயின, பிறகு பழைய பேப்பர்காரரிடம். உங்கள் ஊரில் பரண் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்.

நான் நம்புவது சாமியை. டர்பன்காரர்களுக்கு இன்றே கடிதம் போட்டு இதைக் கேளுங்கள்: வீட்டுப் படையலில் மாரியம்மனைத் தவிர வேறு யார் பெயரைச் சொல்கிறார்கள்? முதல் மொட்டை எந்தச் சாமிக்கு? படையலில் சேவலா, கிடாவா, வெறும் பொங்கலா? அங்கே இன்றைக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், தீ மிதிக்கிறார்கள், தெருக்கூத்து கட்டுகிறார்கள். இதையெல்லாம் விடாதவர்கள் சாமி பெயரையும் விட்டிருக்க மாட்டார்கள். “படவேட்டு ரேணுகாம்பாள்” என்று பதில் வந்தால் பெரிதாக மகிழ வேண்டாம், வட ஆற்காட்டில் பாதிப் பேருக்கு அவள்தான். பச்சையம்மன், மன்னார்சாமி, ஏரிக்கரையில் பேர் போன ஒரு முனீஸ்வரன் என்று வந்தால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். தாளில் உள்ள பெயர்களும் இதற்கு உதவும். தகப்பன் பெயர் படவேட்டான் என்றோ மன்னாரு என்றோ இருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

ஊரில் யாரைக் கேட்பது? திண்ணையை விடுங்கள். சாவுக்கும் கருமாதிக்கும் வீடுவீடாகப் போன குடும்பங்களைக் கேளுங்கள்: சலவை செய்தவர்கள், முடி வெட்டியவர்கள், பம்பைக்காரர், பூசாரி. எந்த வீட்டில் யாருக்குப் படைக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு, வெளியூரிலிருந்து வாழ வந்து கிழவியானவர்கள். பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், நாலு தலைமுறைக்கு முந்தைய முனுசாமியை யாருக்குத் தெரியும்? “கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வராதவங்க யார் வீட்டிலாவது உண்டா?” என்று கேளுங்கள். “ரங்கூன் போனார்” என்பார்கள். எல்லாக் கடலும் ரங்கூன்தான், அதைத் திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் உறவினரின் நேட்டால் நண்பருடைய தாளில் வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை இரண்டு மாவட்டத்திலும் விசாரித்துவிட்டோம். ஊர் கிடைக்கவில்லை.
— வாசகர், சென்னை

பதில்: கிடைக்காது. அந்தக் காலத்தில் வட ஆற்காடு கலெக்டர் உட்கார்ந்திருந்ததே சித்தூரில்தான். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, இப்போது ஆந்திரப் பிரதேசம். திருத்தணி மட்டும் 1960இல் எல்லை மாற்றத்தில் நம் பக்கம் வந்தது. சித்தூர், பலமநேர், புங்கனூர்ப் பக்கம் தெலுங்கு தெரிந்த ஒருவரோடு போங்கள். டர்பனில் அந்தக் குடும்பம் தமிழா தெலுங்கா என்பதை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். அந்த எல்லையில் இரண்டும் ஒரே தெருவில் பேசுவார்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு வரப்போகிற குடும்பத்துக்குப் பின்னால் ‘பிள்ளை’ என்ற பெயர் இருக்கிறது. பட்டியலின் சாதிக் கட்டத்தில் ‘பறையர்’ என்று தெளிவாக இருக்கிறது. அவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஊரில் இதை எப்படிக் கையாள்வது?
— வாசகி, ஆரணி

பதில்: கவனித்திருப்பார்கள் அம்மா, உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கடல் கடந்தவர்களில் பலர் அங்கே புதுப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். குமாஸ்தா தவறாக எழுதியதும் உண்டு. எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டியது நம் வேலை இல்லை, ஊரெல்லாம் பறைசாற்றுவதும் நம் வேலை இல்லை. அவர்கள் கேட்டால் அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று. இப்படி வருகிறவர்களை நாம் பெருமாள் கோயில் தெருவில் இறக்கி, இளநீர் கொடுத்து, தலைவரோடு படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். வண்டி காலனிப் பக்கம் திரும்புவதே இல்லை. தேடிவந்த வீடு அங்கே இருந்தால்? பல குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பியதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். முதல் நாளே அங்கே கூட்டிப் போங்கள். காலனி மாரியம்மன் கோயில் பூசாரிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அன்று அவர் கூலி வேலைக்குப் போய்விடாமல் இருப்பார்.

இந்த விஷயத்தில் இனிக் கேள்வி அனுப்புகிறவர்கள் பட்டியல் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்பவும். கேட்டு எழுதிய ஊர்ப் பெயரை மட்டும் வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.