தம்பி வயித்துக்குள்ள எப்படிப் போனான்?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். செந்தூலில் மாமியாரோடு இருக்கிறோம். பாலர் பள்ளிக்குப் போகும் ஆறு வயது மகள், "தம்பி உங்க வயித்துக்குள்ள எப்படிப் போனான்?" என்று விடாமல் கேட்கிறாள். "சாமி கொடுத்தது" என்று பாட்டி சொன்னது அவளுக்குப் போதவில்லை. பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். நான் என்ன சொல்வது?

பதில்: பாட்டியை மறுத்துப் பேச வேண்டாம். சாமி கொடுத்ததாகவே இருக்கட்டும்; எந்த வழியாகக் கொடுத்தார் என்பதுதான் உங்கள் மகளின் கேள்வி.

தமிழில் சோறு போகும் இடமும் வயிறு, பிள்ளை வளரும் இடமும் வயிறு. அம்மா தம்பியை விழுங்கிவிட்டாரா, அவன் தலையில் நாசி லெமாக் விழுமா என்றெல்லாம் ஆறு வயது யோசிக்கும். அதனால் முதலில் கருப்பை என்ற சொல்லைக் கொடுங்கள். "பாப்பா வளர்வதற்கென்றே ஒரு பை இருக்கு. அம்மாவின் கருமுட்டையும் அப்பாவின் விந்தணுவும் சேர்ந்தால் அங்கே பாப்பா வளரும்." விதை என்று சொல்லிவிடாதீர்கள்; தர்ப்பூசணி விதையை விழுங்கிய அன்று வீடே அமளிப்படும்.

பெரும்பாலான பிள்ளைகள் இதோடு விளையாடப் போய்விடுவார்கள். எப்படி வெளியே வருவான் என்று கேட்டால், பெண்களுக்கு அதற்கென ஒரு வழி இருக்கிறது, சில நேரம் டாக்டர் வயிற்றைக் கீறி எடுப்பார் என்று சொல்லலாம். அப்பாவின் அணு உள்ளே வந்தது எப்படி என்று கேட்டால் மட்டும், "பெரியவங்க ரெண்டு பேர் நெருக்கமா இருக்கும்போது ஆண்குறி வழியா உள்ளே போகும். இது பெரியவங்களுக்கு மட்டும்." கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று கேட்டு வாயடைத்துப் போனால், "ராத்திரி சொல்றேன்" என்று தள்ளிப்போடலாம். ஆனால் ராத்திரி சொல்லிவிட வேண்டும்.

உறுப்புகளின் பெயரில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். மூக்குக்கும் முட்டிக்கும் பெயர் உண்டு, இடுப்புக்குக் கீழே போனால் 'ஷேம் ஷேம்'. மலாயில் சொல்லும் 'கெமாலுவான்' என்ற சொல்லிலும் வெட்கத்தைக் குறிக்கும் 'மாலு' உட்கார்ந்திருக்கிறது. நம் பழைய தமிழ்ச் சொற்களோ வசவாகிவிட்டன. ஆண்குறி, பெண்குறி என்று சொல்ல முதலில் நாக்கு கூசும். நாலு நாள் குளிப்பாட்டும்போது சொன்னால் சரியாகிவிடும். "அங்கிள் என் பூவைத் தொட்டார்" என்று ஒரு பிள்ளை ஆசிரியையிடம் சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று மட்டும் கற்றுக்கொடுப்பது எனக்கு அவ்வளவாக ஒப்புதலில்லை. கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்க வைத்தே தொடுகிறவன் இருக்கிறான். பிள்ளைக்கு அது கெட்டதாகவே தெரியாது. விதியாகச் சொல்வது நல்லது: குளிப்பாட்டும்போதும், அம்மா பக்கத்தில் இருக்க டாக்டர் பார்க்கும்போதும் தவிர, யாரும் அங்கே பார்க்கவோ தொடவோ படம் எடுக்கவோ கூடாது. அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அத்துமீறுகிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், "மாமாவுக்கு முத்தா கொடு" என்று தள்ளிவிடாதீர்கள். வணக்கம் போதும்.

அவள் ஏதாவது சொன்னால் திட்டாமல், குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியை 15999 எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். மலேசியாவின் 2017 ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். குடும்ப மானம் என்று மூடிவைக்க முடியாது.

உங்கள் கணவருக்கு ஒன்று: பூப்புக்கான மாற்றங்கள் 8 வயதிலேயே தொடங்கலாம். சடங்கன்று அத்தைமார் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, எனக்கு என்ன ஆச்சு என்று ஒரு பெண் பிள்ளை பயந்து விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றிரவு அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். விந்தணுப் பகுதியை அவரே சொல்லட்டும்.