கேமராவில் பதிந்த நாற்பது நொடி

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊரில் மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கொலை நடந்தது. இறந்தவர் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர். ஓய்வு பெற்றபின் வீட்டில் தனியாக இருந்தார். இரண்டு நாளில் அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவனைக் கைது செய்தார்கள். நகைக்காகச் செய்ததாக அவனே ஒப்புக்கொண்டான் என்று பேப்பரில் வந்துவிட்டது.

நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ஊர்ச் செய்திகளுக்காக ஒரு ஃபேஸ்புக் பக்கமும் நடத்துகிறேன். பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஒரு ஆள் டீச்சர் வீட்டுத் தெருவுக்குள் போவது என் கடை வாசல் கேமராவில் நாற்பது நொடி பதிந்திருக்கிறது. போலீஸ் வந்து நகல் எடுத்துப் போனார்கள். அதைப் பக்கத்தில் போடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். "இவனையெல்லாம் என்கவுண்டர் பண்ணணும்" என்று தினமும் கமெண்ட் வருகிறது. டீச்சர் வட்டிக்கு விட்டார், அதில்தான் தகராறு என்று அவரைப் பற்றியே சிலர் தப்பாக எழுதுகிறார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது. நான் பேசாமல் இருப்பது அவருக்குச் செய்யும் துரோகம் மாதிரி இருக்கிறது. வீடியோவைப் போடலாமா? என்ன எழுதலாம்?

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன். அவை இருந்தால் எந்த வழக்கு என்று தெரிந்துவிடும். சொல்லிக்கொடுத்த டீச்சரை இப்படிப் பறிகொடுப்பது பெரிய துக்கம். அந்தத் துக்கத்தோடு, எழுதுவதற்கு முன்பு ஒருமுறை கேட்போம் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்காக நன்றி.

முதலில் வீடியோ. போடாதீர்கள்.

போலீஸ் நகல் எடுத்துப்போன நிமிடத்திலிருந்து நீங்கள் இந்த வழக்கில் அநேகமாக ஒரு சாட்சி. கேமரா உங்கள் பொறுப்பில் இருந்தது என்பதால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அல்லது இனி வாங்குவார்கள். ஒருநாள் சம்மன் வரும். கூண்டில் ஏறி, "இது என் கடைக் கேமராவில் பதிந்தது, இதில் யாரும் கை வைக்கவில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இதை ஃபேஸ்புக்கில் போட்டீர்களா? மேலே என்ன எழுதினீர்கள்? எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று கேட்பார். "கொலைகாரன் போவதைப் பாருங்கள்" என்று எழுதியவரை நடுநிலையான சாட்சி என்று யார் நம்புவார்கள்?

சேதம் உங்களோடு நிற்காது. தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவோ, மாடியில் துணி எடுக்கப் போன எதிர்வீட்டுக்காரரோ அந்த ஆளைப் பார்த்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய், அதே சாயலுள்ள பல பேருக்கு நடுவே கைதானவனை நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாளம் காட்டச் சொல்வார்கள். அடையாள அணிவகுப்பு என்பது இதுதான். அதற்கு முன்பே அந்த உருவத்தைப் போனில் முப்பது தடவை பார்த்துவிட்ட ஒருவர், தான் தெருவில் பார்த்ததைக் காட்டுகிறாரா, போனில் பார்த்ததைக் காட்டுகிறாரா? அவருக்கே தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய நினைவுக்குள் உங்கள் வீடியோ போய் உட்கார்ந்துவிட்டது. உண்மையான குற்றவாளியாகவே இருந்தாலும் அவன் தப்பிக்க இந்த ஓட்டை போதும். ஆளைத் தேடுவதற்காகப் போலீஸே படத்தை வெளியிடுவது உண்டு. அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு, நீங்களும் நானும் எடுக்கக் கூடாது.

நம் நாட்டில் பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி கிடையாது, நீதிபதி ஃபேஸ்புக் பார்த்துத் தீர்ப்பு எழுதப் போவதில்லை, நாம் எழுதுவதால் என்ன கெட்டுப்போகும் என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சாட்சிகளை நினைத்துத்தான் கவலை. ஊரில் நடக்கும் கொலைக்கு ஊர்க்காரர்கள்தான் சாட்சி. உங்கள் பக்கத்தைப் படிக்கிறவர்களும் அவர்களேதான்.

அப்புறம் அந்த ஒப்புதல். "போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்" என்ற தலைப்பை நாம் சின்ன வயதிலிருந்து படித்து வளர்ந்திருக்கிறோம். கோர்ட்டில் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பு இல்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 23ஆவது பிரிவாக அது தொடர்கிறது. அவன் சொல்லி நகை எடுக்கப்பட்டிருந்தால், அந்த மீட்புக்குக் காரணமான வார்த்தைகளை மட்டும் கோர்ட் எடுத்துக்கொள்ளும். காவல் நிலையத்தின் நான்கு சுவருக்குள் ஒருவனை என்னவெல்லாம் சொல்ல வைக்க முடியும் என்று தெரிந்துதான் வெள்ளைக்காரன் காலத்திலேயே இதைச் சட்டமாக எழுதினார்கள். நீதிபதியே தொடக் கூடாத ஒரு காகிதத்தை நாம் எடுத்து, வசனத்தோடு கதையாக்கி, "அவனே ஒத்துக்கிட்டான்" என்று முடித்துவிடுகிறோம்.

இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு மாவட்டத்தில் நடந்த கொலையைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். போலீஸ் சொன்னது மட்டும்தான் என் கையில் இருந்தது. கைதானவர் கதவைத் தட்டியது, தண்ணீர் கேட்டது, உள்ளே போனது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். ஆறு வருடம் கழித்து அவரை விடுதலை செய்தார்கள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அல்ல, அன்று அவர் அந்த ஊரிலேயே இல்லை என்று நிரூபணமாகி. அந்தத் தீர்ப்பு வந்ததே எனக்குத் தெரியாது. அதற்கும் ஒரு வருடம் கழித்து அவருடைய தங்கை எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். திட்டவில்லை. அண்ணன் பெயரைத் தேடினால் முதலில் வருவது உங்கள் கட்டுரைதான், வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் அதைத்தான் படிக்கிறார்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். கட்டுரையை எடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அவர் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டால் அதை ஏற்கெனவே படித்தவர்களுக்கு உண்மை தெரியாமலே போய்விடும், மேலே தீர்ப்பைப் போடுங்கள் என்றார். அப்படியே செய்தேன். தண்ணீர் கேட்டார் என்று நான் எழுதிய வரியை இன்றும் என்னால் படிக்க முடிவதில்லை.

நுங்கம்பாக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். 2016 ஜூன் 24ஆம் தேதி காலை, வேலைக்குப் போவதற்காக ரயிலுக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண்ணை நடைமேடையில் வெட்டிக் கொன்றார்கள். ஆள் யாரென்றே தெரியாத அந்த ஒரு வாரத்தில், கொலையாளி இன்ன மதத்துக்காரன் என்று பெயர் சொல்லியே பதிவுகள் சுற்றின. அது பொய். அந்தப் பெண்ணின் பழக்கவழக்கம் பற்றி அவரைப் பார்த்தே இராதவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஜூலை 1ஆம் தேதி இரவு செங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் இளைஞரைப் பிடித்தார்கள். கழுத்தில் காயத்தோடு அவருடைய படம் உடனே போன் போனாகப் பரவியது. தானே அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ், போலீஸ்தான் அறுத்தது என்றது குடும்பம். புழல் சிறையில் அடையாள அணிவகுப்பு நடந்தது அதற்கெல்லாம் பிறகுதான். செப்டம்பர் 18ஆம் தேதி அவர் சிறைக்குள்ளேயே இறந்துபோனார். தற்கொலை என்றார்கள், குடும்பம் ஏற்கவில்லை. கோர்ட்டில் கொலை வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. 2022இல் மாநில மனித உரிமை ஆணையம் அவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கோர்ட்டிலிருந்து ஒரு தீர்ப்புகூடக் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தச் சில நாட்களில் நாம் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்விட்டோம். இருவர் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. போதும் போதும் என்கிற அளவுக்கு அவை எழுதப்பட்டாகிவிட்டன.

சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். நம்முடைய 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதாகக் கணக்கில் எடுப்பது பொதுவாகக் குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகுதான். கைது நாளிலிருந்தே அப்படிக் கருத வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006இல் தன் 200ஆவது அறிக்கையில் சொன்னது. இங்கிலாந்தில் அது கைதிலிருந்தே தொடங்கிவிடுகிறது. 2010 கடைசியில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பெண் கொலையானபோது, அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரைப் பிடித்து விசாரித்தார்கள். அவருடைய தலைமுடியையும் பேச்சையும் வைத்தே அவரை விபரீதமான ஆளாக்கிவிட்டன பத்திரிகைகள். கொன்றது பக்கத்து வீட்டுக்காரன் என்று பிறகு தெரிந்தது. எட்டுப் பத்திரிகைகள் அந்த ஆசிரியருக்கு நஷ்டஈடு கொடுத்தன. இரண்டு பத்திரிகைகளுக்கு நீதிமன்றம் அபராதமும் போட்டது, ஒன்றுக்கு 50,000 பவுண்டு, இன்னொன்றுக்கு 18,000. நம் ஊரில் கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் எல்லாமே எழுதப்படுகிறது. அந்த இடைவெளியில் உங்களைத் தடுக்க அநேகமாக யாரும் வரமாட்டார்கள், நீங்களே தடுத்துக்கொண்டால்தான் உண்டு.

இன்னொன்று. "உறவுக்காரப் பையன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு என்ன வயது? பதினெட்டு முடியவில்லை என்றால் அவன் பெயர், படம், படித்த பள்ளி எதையும் யாரும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் அதற்குத் தண்டனையே உண்டு. பதினெட்டு தாண்டியவன் என்றாலும் அவனுடைய அம்மாவும் உங்கள் ஊரில்தானே இருக்கிறார்? டீச்சருக்கும் அந்த அம்மா உறவுதான். ஒரே சாவு வீட்டுக்குள் இரண்டு துக்கம் நடக்கிறது.

கமெண்ட்டுகளுக்கு வருவோம். என்கவுண்டர் கேட்கும் கமெண்ட்டுகளை எடுத்துவிடுங்கள். நாளைக்கே அவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாக ஒரு மாவுக்கட்டுப் படம் வரலாம், அதையும் போடாதீர்கள். அதற்குக் கைதட்டிப் பழகிய ஊரில், நிரபராதி ஒருவன் அடிபடும்போதும் யாரும் கேட்கமாட்டார்கள். டீச்சர் வட்டிக்கு விட்டார் என்பவர்களோடு வாதம் செய்ய வேண்டாம். "டீச்சர் வட்டிக்கு விடவில்லை" என்று நீங்கள் எழுதினால், அதுவரை கேள்விப்படாதவர்களும் அதைக் கேள்விப்படுவார்கள். சத்தமில்லாமல் நீக்குங்கள். இறந்துபோனவரின் பெயரைக் கெடுப்பதும், அது குடும்பத்தாரை நோகடிக்கும் எண்ணத்தோடு செய்யப்பட்டால், அவதூறுதான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நடவடிக்கை எடுப்பதா வேண்டாமா என்று குடும்பம் முடிவு செய்யட்டும்.

சரி, எழுத என்ன இருக்கிறது? டீச்சரைப் பற்றி எழுதுங்கள். கொலை நடந்த நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களை எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பில் அவர் அல்ஜீப்ராவை எப்படித் தொடங்கினார், யாரிடம் கோபப்பட்டார், பரீட்சைப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன செய்தார் என்று உங்களுக்கு நேரில் தெரிந்ததை எழுதுங்கள். அவரிடம் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள். அவருடைய பிள்ளைகளிடமோ உடன்பிறந்தவர்களிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். எந்தப் படத்தைப் போடலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

வழக்கைப் பற்றியும் எழுதலாம். கைது நடந்தது, இன்ன பிரிவில் வழக்கு, இன்ன தேதி வரை ரிமாண்ட் என்பதெல்லாம் எழுதக் கூடியவைதான். "போலீஸ் சொல்கிறது" என்பதை விடாமல் எழுதுங்கள், "குற்றவாளி" என்ற சொல்லைத் தீர்ப்பு வரை தொடாதீர்கள். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் அவனுக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். அப்படி நடந்தால் "காசு வாங்கிக்கிட்டு விட்டுட்டாங்க" என்று ஊரே கொதிக்கும். ஜாமீன் என்றால் விடுதலை இல்லை என்று அதற்கு முன்பே ஒரு பதிவு போட்டுவையுங்கள். அந்த ஒரு பதிவு நிறையப் பேருக்கு உதவும்.

அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் கொலை 2004 செப்டம்பரில் நடந்தது. நவம்பரில் சங்கராச்சாரியார் கைதானபோது தமிழ்நாட்டில் வேறு பேச்சே இல்லை. வழக்கைச் சுப்ரீம் கோர்ட் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகளில் 83 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி பிறழ்சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27இல் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலையானார்கள். தீர்ப்பன்று மறுபடி கேமராக்கள் வந்தன. நடுவில் போன ஒன்பது வருடம், ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏறி இறங்கியபோது என்ன நடந்தது என்று என்னைப் போன்ற சாதாரண வாசகனுக்கு யாரும் எழுதிக் காட்டியதாக நினைவில்லை.

உங்கள் டீச்சர் வழக்குக்கு அப்படி ஆகக் கூடாது. எஃப்.ஐ.ஆர். எண்ணை இப்போதே குறித்து வையுங்கள். கொலை வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும்போது வேறு எண் கிடைக்கும், ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா தேதிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் சாட்சி என்பதால் உங்கள் முறை முடியும்வரை மற்றவர்கள் சாட்சி சொல்வதை உள்ளே உட்கார்ந்து கேட்க முடியாது. அதுவரை டீச்சரிடம் படித்த வேறு யாரையாவது ஒரு நோட்டோடு போய் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் சாட்சியம் முடிந்த பிறகு நீங்களும் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். அந்த நோட்டை முழுதாகப் படிக்க நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்