இணைப்புப் பட்டியலுக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி: ஏஐ முகவருக்காக (கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் ஏஐ நிரல்), போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நடப்பு இணைப்புகளைப் பட்டியலிடும் கருவியை உருவாக்கியுள்ளோம். அதன் விளக்கக் குறிப்பில் எவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும்?

பதில்: முகவர் பெரும்பாலும் உங்கள் நிரலைப் பார்ப்பதில்லை, குறிப்பைப் படித்தே முடிவெடுக்கிறது என்பதால், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதுங்கள். பட்டியலில் ஒவ்வொரு இணைப்புக்கும் காட்டப்படும் நிலையின் பொருளைச் சொல்லுங்கள். 'ஆக்டிவ்' என்றால் வினவல், அதாவது தரவுத்தளத்துக்கு அனுப்பிய கட்டளை, ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஐடில்' என்றால் இணைப்பு சும்மா இருக்கிறது, அந்த வரியில் தெரிவது கடைசியாக ஓடி முடிந்த வினவல் மட்டுமே. இதைச் சொல்லாவிட்டால், முடிந்துபோன வினவலை இன்னும் ஓடுவதாக முகவர் எண்ணிக்கொள்ளும். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலைக்குத் தனி வாக்கியமே ஒதுக்குங்கள். பரிவர்த்தனையை (ஒரே தொகுப்பாக முடிய வேண்டிய வினவல்களை) திறந்து முடிக்காமல் விட்ட அந்த இணைப்பு, தரவின் மீதான பூட்டுகளைப் பிடித்தபடி மற்றவர்களைக் காக்க வைக்கக்கூடும். வினவல் வாசகம் இயல்பமைப்பில் 1024 பைட்டு அளவோடு வெட்டப்படும் என்பதையும், அதில் வாடிக்கையாளர் விவரங்கள் வெளிப்படலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இக்கருவி பட்டியலிடுமே தவிர எந்த இணைப்பையும் துண்டிக்காது என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.